குரங்கு சிரிப்பதில்லை

குரங்காட்டி தொகுஜிக்கு ஒரே ஒரு விஷயத்தில் தலைக்கனம் உண்டு. தன் குரங்கு கொமாருவின் முகத்தில் ஓடுவதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கோயில் வாசலில் வித்தை நடக்கும்போது கூட்டம் நெருக்கினால் அந்தக் குரங்கு பல்லைக் காட்டும். "எவ்வளவு அழகா சிரிக்குது பாரு" என்று பெண்கள் கைதட்டுவார்கள். தொகுஜி மேளத்தை நிறுத்திவிடுவார். "அது சிரிப்பு இல்லம்மா, பயம். கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

அப்பேர்ப்பட்டவர் சொந்த வீட்டில் கோட்டை விட்டார்.

அவர் மனைவி இத்சுகோ குளிர்காலம் முழுக்க ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மிசோ சூப்பில் இரண்டு வாய் குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுவாள். சகுரா மரங்கள் பூக்கத் தொடங்கி, அவர் கியூஷு தீவுப் பக்கம் வித்தை காட்டப் புறப்பட்ட காலையிலும் அப்படித்தான்.

"என்னடி பண்ணுது? ஆஸ்பத்திரிக்குப் போலாமா? பயணத்தைத் தள்ளி வெக்கிறேன்."

"ஒண்ணுமில்லீங்க. வயசாச்சுல்ல, செரிக்க மாட்டேங்குது. நீங்க கெளம்புங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பெற்ற மகன் கடலில் மூழ்கிச் செத்த சேதியை உறவுக்காரர்களுக்குச் சொன்னபோதும் அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தன் துக்கத்தை அடுத்தவர் தலையில் இறக்கக் கூடாது என்று பழகிய ஊர். தொகுஜியும் அதே ஊர்க்காரர்தான். ஆனாலும், சிரித்துவிட்டாளே என்று நிம்மதியாகிவிட்டார்.

கொமாரு மட்டும் அவள் பல்லைக் கண்டதும் உடம்பைக் குறுக்கிக்கொண்டு வாசலையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தது. ஆபத்து எங்கிருந்து வருகிறதென்று தேடியது.

"அட மட்டி, அம்மா சிரிக்கிறாடா" என்று கயிற்றை இழுத்துக்கொண்டு போனார்.

கியூஷுவில் இருக்கும்போதே, இத்சுகோவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகப் பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். பாதி வித்தையில் போட்டது போட்டபடி ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார் தொகுஜி. வயிற்றில் புற்று, கல்லீரல் வரை பரவிவிட்டது, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர்.

"இவ்வளவு வலியோட எப்படி நடமாடினாங்க? உங்களுக்குத் தெரியவே இல்லையா?"

தொகுஜி அவள் கட்டிலுக்குப் போனார்.

கட்டிலில் இத்சுகோ சிரித்தாள். "பாதியில வர வெச்சுட்டேனே. மன்னிச்சுக்கோங்க."

அந்தப் பற்களை இப்போதுதான் அவர் பார்த்தார். ஊர் ஊராகப் போய் ஊராருக்கெல்லாம் விளக்கம் சொன்ன தன் வாயிலேயே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"போதும், சிரிக்காத. எங்கிட்ட எதுக்குடி மறைக்கிற? வலிச்சா வலிக்குதுன்னு காட்டு."

அவள் சிரிப்பைக் கைவிட்டாள். உதடு கோணியது, தாடை நடுங்கியது, கண்கள் நிலைகுத்தின. இத்தனை வருடம் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் அந்த முகத்தை அவர் கண்டதில்லை. வலியைவிடச் சாவைப் பற்றிய பயம்தான் அதில் அதிகம் தெரிந்தது.

தொகுஜியால் தாங்க முடியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்தார்.

"வேணாம்மா இத்சுகோ. முன்ன மாதிரியே சிரி."

அவள் சிரித்தாள்.