வெளுத்த மூடி

இரண்டாயிரம் நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் முக்கி, ஐஸ் பெட்டியின் மூடிமேல் வைத்து இலக்கியா ஒரே போக்கில் இழுத்துத் தேய்க்க ஆரம்பித்ததும் ஒப்பாரி நின்றுபோனது. இழவு வீட்டில் அப்படியொரு சத்தத்தை அந்தக் காலனியில் யாரும் கேட்டதில்லை.

பெட்டிக்குள் கிடந்தது அவள் அப்பன் தீர்த்தகிரி. முந்தின நாள் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் மரவள்ளிக்கிழங்கு லோடு இறக்கும்போது லாரி உச்சியிலிருந்து தலைகுப்புற விழுந்தவர். அரசு ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்து, துணியில் சுற்றி, காலையில்தான் கொடுத்தார்கள். வேனிலிருந்து நேராகப் பெட்டிக்குள் வைத்து மூடிப் பூட்டியாயிற்று. அந்த நேரம் அம்மா சின்னாயி மயங்கி உள்ளே கிடந்தாள். தெளிந்ததும் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். குனிந்து பார்த்தாள். இந்தப் பக்கம் வந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்:

“இதுக்குள்ள இருக்கறது ஆருங்க?”

புத்தி பேதலித்துவிட்டதென்று பெண்கள் பெருங்குரலெடுத்து அழுதார்கள். இலக்கியாவுக்கு மட்டும் அம்மா கேட்டதில் ஒரு தப்பும் தெரியவில்லை. மூடி, சோறு வடித்த கஞ்சியை ஊற்றிக் காயவிட்டதுபோல் வெளுத்துக் கிடந்தது. அடியில் நீளமாக ஏதோ படுத்திருந்தது. அவ்வளவுதான்.

பெட்டிக்காரர் பூபதி வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். திறந்து ஒரு தரம் காட்டுங்கள் என்று போய்க் கேட்டாள். அறுத்த உடம்பு, சித்திரை வெயில், திறந்தால் குளிர் போய்விடும், அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது என்றார். நாலு மணிக்கு எடுக்கும்போது திறப்பாராம். அறுத்த உடம்பைக் குளிப்பாட்டப்போவதில்லை. திறந்த கையோடு ஆண்கள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அந்த நெரிசலில் எந்தப் பொம்பளை முகம் பார்ப்பது? வேறு பெட்டி இல்லையா என்று கேட்டதற்கு, இதுதான் இருக்கிறது என்று செல்போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

போன மாதம் தோட்டத்துக்காரர் மருதாசலம் செத்தபோது இதே பூபதி கொண்டுவந்த பெட்டியை அவளும் பார்த்தாள், வாசலுக்கு வெளியே அம்மாவோடு நின்று. செத்தவர் நெற்றியில் வைத்திருந்த சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது கூட அங்கிருந்தே தெரிந்தது.

சேலத்தில் பழைய கார் விற்கும் கடையில் இலக்கியாவுக்கு ஹெட்லைட் தேய்க்கிற வேலை. மஞ்சள் பூத்து மங்கின பிளாஸ்டிக்கைத் தேய்த்துத் தேய்த்துப் புதுசாக்கித் தருவாள். வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்ததால் உப்புத்தாள் துண்டுகள் பையில் இருந்தன. பெட்டி மூடியும் பிளாஸ்டிக்தான். எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சித்தப்பா அம்மாசி, ஊர் சிரிக்கும் என்று பல்லைக் கடித்தார். பூபதி எழுந்து வந்தார்.

“ஏம்மா, பொருளு என்னுது. கோடு உளுந்தா ஆரு பதில் சொல்றது?”

“இதுக்கு மேல உளுக எடமில்லீங்க” என்றாள், தலையைத் தூக்காமல்.

“காருக்குப் போடற பாலீசை அப்பனுக்குப் போடறாளாம்” என்று பக்கத்து வீட்டுக் கந்தம்மாள் யாரிடமோ சொன்னாள். சொன்னவளே கொஞ்ச நேரத்தில் எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீரை மொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தாள்.

முழு மூடியையும் தேய்க்க நேரமில்லை. முகத்துக்கு நேரே ஒரு முறம் அகலம். வெள்ளைச் சேறாக வழிந்ததை வழித்து ஊற்றினாள். தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தது. உப்புத்தாள் ஓய்ந்ததும் பற்பசையைப் பிதுக்கி, பழைய பனியன் துணியால் அழுத்தித் துடைத்தாள். துடைக்கத் துடைக்க முதலில் புருவம் வந்தது. பிறகு மூக்கில் வைத்த பஞ்சு. நரைத்த தாடி முள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

சின்னாயியைக் கூட்டிவந்தார்கள். வெகுநேரம் பார்த்தாள். அழவில்லை.

“காதுல மண்ணு இருக்குது பாரு கண்ணு. தொடச்சு உடாமயே அனுப்பீட்டானுவ.”

காது மடலில் கிழங்குச் செம்மண் அப்பியிருந்தது. அதைப் பார்க்கப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து குனிந்தார்கள். நாலு மணிக்குப் பூட்டைத் திறந்ததும் அம்மாசி செய்த முதல் காரியம், தோள்துண்டு நுனியால் அண்ணன் காதைத் துடைத்ததுதான்.

ஆண்கள் சுடுகாட்டுக்குப் போய்விட்டார்கள். பெட்டியை வேனில் ஏற்றிவிட அவர்கள் திரும்பிவர வேண்டும். காத்திருந்த நேரத்தில் பூபதி வேனிலிருந்து ஒரு கேனை எடுத்துத் துணியில் ஊற்றி, மூடியின் கால்மாட்டிலிருந்து துடைக்கத் தொடங்கினார். பெயிண்ட் கடை வாடை அடித்தது. இலக்கியா வெளியே வந்தாள்.

“தின்னருங்களா அது?”

“ஆமாம்மா. கிருமி சாவோணுமில்ல.”

“தின்னர் பட்டா இது வெளுத்துப்போயிருமுங்க.”

“அதெல்லாம் ஆவாது. மூணு வருசமா இதுலதான் தொடைக்கறன்.”

“தோட்டத்துல வெச்ச பெட்டியயும் இதுலதானுங்களா?”

“அதுக்கு ஈரத்துணி போதும். இது காலனிக்கு வர்ற பெட்டி.”

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவளுக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

மூன்று வருசம். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு துடைப்பு. போன ஆடியில் கந்தம்மாளின் மகனும் இந்த மூடிக்கு அடியில்தான் யாரோவாகக் கிடந்து போனான். கந்தம்மாள் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பூபதியின் கை, அவள் தேய்த்துத் தெளியவைத்த முகத்துப் பக்கம் வந்தபோது இலக்கியா அந்தத் துணியைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தாள். கொடியில் கிடந்த துண்டை இழுத்துத் தொட்டியில் முக்கி, பிழியாமல் அவர் முன்னால் நீட்டினாள்.

“இதுல தொடைங்க.”

“ஏம்மா, நீ என்ன...” என்று தொடங்கியவர் சுற்றிலும் பார்த்தார். பெண்கள் வெளியே வந்திருந்தார்கள். சுடுகாட்டிலிருந்து திரும்பிய ஆண்கள், தலை ஈரம் காயாமல், அம்மாசி முன்னால் வர, ஒவ்வொருவராக வேனைச் சுற்றி நின்றார்கள்.

பூபதி துண்டை வாங்கினார். அதன் நுனியை மட்டும் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் அவர் செருப்பின்மேல் சொட்டிக்கொண்டிருந்தது.