வெள்ளையடித்த இரும்புக் குழாய்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தள்ளிப்போட்டால் பிறகு ஏதாவது மரியாதையான இடத்தைச் சொல்லிவிடுவேன். பிறந்தது ஒரு குழாய்க் கடையில். சொட்டுகிற குழாய்க்கு வாஷர் வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒருவர் நின்றார். சட்டைக் கையெல்லாம் மரத்தூள்.

"பைப் தண்ணிக்கா, காத்துக்கா?" என்றார் கடைக்காரர்.

"காத்துக்கு. கம்ப்ரஸர் வெச்சிருக்கேன். இரும்புல குடுங்க. அப்படியே வெள்ளை பெயிண்ட்டும். அடிச்சா பாக்க பிளாஸ்டிக் பைப் மாதிரியே இருக்கணும்."

"பிளாஸ்டிக்கே வெள்ளையாத்தான் இருக்கு. அதையே வாங்கிட்டுப் போங்களேன்."

"அதுல காத்து விட்டா வெடிச்சிடும்."

"அப்ப இரும்பு இரும்பாவே இருக்கட்டும். யாரு கேக்கப் போறா?"

"அது முடியாதுங்க" என்றார் அந்த மனிதர்.

அவ்வளவு வருத்தமாக ஒருவர் பெயிண்ட் வாங்கி நான் பார்த்ததில்லை. வாஷரை மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். குழாய் இன்னும் சொட்டுகிறது. ராத்திரியில் பக்கத்து வீட்டுக்காரர் அந்தத் தாளத்துக்குப் பாடப் பழகிவிட்டார், இப்போது அவரைக் கச்சேரிக்குக் கூப்பிடுகிறார்கள்.

அந்த மரத்தூள்காரர் யார், ஏன் முடியாது என்றார், எனக்குத் தெரியாது. ஆகவே இனி வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு.

2

தொடக்கங்கள் சில எழுதிப் பார்த்தேன்.

"கம்ப்ரஸரின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டபோது அவர் தன் வாழ்க்கையை" — வேண்டாம். முள் கோட்டைத் தொடுகிற நேரத்தில் யாரும் வாழ்க்கையை நினைப்பதில்லை, வாசலை நோக்கி நடக்கிறார்கள்.

"காற்று என்பது கண்ணுக்குத் தெரியாத" — இதை நானே படிக்க மாட்டேன்.

இது பரவாயில்லை: மச்சானுக்கு ஒரு நாள் காலையில் வலது கை தன்னுடையதாக இல்லாமல் போயிற்று.

(உறவைச் சொல்லிவிடுகிறேன். மரத்தூள்காரர் பகலில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவர். மாலையில், கார் இல்லாத கார் ஷெட்டில் நாற்காலி செய்து பெயிண்ட் அடிப்பவர். மச்சான் என்பவர் அவர் மனைவியின் அண்ணன். வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் போடுவது தொழில். இவர் அவரை மச்சான் என்பார், அவர் இவரை மாப்பிள்ளை என்பார். கதைக்கு அது போதும்.)

மூளையில் ரத்தம் கட்டியது என்றார் மருத்துவர். கை மெல்ல அசையத் தொடங்கியது. ஆனால் உணர்ச்சி வரவில்லை. பக்கத்துத் தெருவிலிருந்து தினமும் தங்கை வீட்டுக்கு வருவார், சூடான டம்ளரைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருப்பார். தங்கை ஓடிவந்து பிடுங்கினால்தான் தோல் சிவந்திருப்பது தெரியும். ஊரில் பாதி வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவந்த ஆள், சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். கேட்டதற்கு ம், ம்ஹூம். அதுவும் ம் குறைவு, ம்ஹூம் அதிகம்.

அந்தச் சமயத்தில்தான் மாப்பிள்ளை, நாற்காலிக்குக் காற்றால் பெயிண்ட் பீய்ச்ச ஒரு கம்ப்ரஸர் வாங்கப் போவதாகச் சொன்னார். சுவர்ப் பக்கமிருந்து குரல் வந்தது.

"ஷெட்டு சுவர் பூரா காத்து வரணும்னா பைப் வேணும்ல? நான் போடறேன், மாப்ளே."

பல மாதங்களில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம். தங்கை அடுப்படிக்குப் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள்.

3

அவர் போட்டது அவருக்குத் தெரிந்த குழாய். வெள்ளைப் பிளாஸ்டிக். இடது கையால் அறுத்தார், பசை தடவினார். மரத்துப்போன வலது கையை வெறும் இடுக்கியாக வைத்துக்கொண்டார். முடிந்தபோது சுவரில் கோடு கிழித்த மாதிரி நின்றது. தொலைவில் போய் நின்று பார்த்தார்.

"ஒழுகுதான்னு பாருங்க. என் கை வெச்ச ஜாயிண்ட் ஒழுகினதா சரித்திரம் கிடையாது."

"இதுல ஒழுகறதுக்கு என்ன மச்சான் இருக்கு, காத்துதானே?"

"காத்துன்னா மட்டும் விட்டுருவனா?"

சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

மறுநாள் கம்ப்ரஸரை இறக்க வந்த ஆள் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"இதுலயா காத்து விடப் போறீங்க?"

"ஏன்? இவ்வளவு அழுத்தம் தாங்கும்னு பைப்புலயே போட்டிருக்கே."

"அது தண்ணிக்குப் போட்டது. தண்ணி பைப் ஒடஞ்சா நனைவீங்க. காத்து பைப் ஒடஞ்சா உங்களப் பொறுக்குவாங்க."

(இங்கே ஒரு சின்ன விளக்கம். தண்ணீர் அமுங்காத சாதி. குழாய் விரிந்தால் கொஞ்சம் பீய்ச்சிவிட்டு அடங்கிவிடும். காற்று அப்படியில்லை. கம்ப்ரஸர் அதை அமுக்கி அமுக்கி உள்ளே அடைக்கிறது. அது சுருட்டி வைத்த ஸ்பிரிங் மாதிரி காத்துக்கிடக்கிறது. பிளாஸ்டிக்கோ வயசு ஆக ஆக, சூடும் எண்ணெய்ப் பிசுக்கும் பட்டு, கண்ணாடி மாதிரி நொறுங்கும் குணத்துக்கு வந்துவிடும். எப்போது என்று சொல்லாது. உடைந்தால் ஒவ்வொரு சில்லும் கத்திதான். இரும்பு, செம்பு, காற்றுக்கென்றே செய்த அலுமினியக் குழாய், இவற்றில் ஏதாவது ஒன்று வேண்டும். விஷயம் இவ்வளவுதான். இதைச் சொல்ல ஒரு மூச்சு போதும்.)

அந்த ஒரு மூச்சை மாப்பிள்ளை விடவில்லை. மச்சான் அன்று காலை தானே முகம் மழித்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்வது?

அவர் சொல்லியிருந்தால் கதை இந்த இடத்தில் முடிந்திருக்கும். அவருக்கும் நல்லது, எனக்கும் மை மிச்சம்.

4

இங்கே நான் எழுதி வீசிய ஒரு பக்கம் உண்டு. அதில் மாப்பிள்ளை கம்ப்ரஸரைப் போட்டுவிடுகிறார். குழாய் வெடிக்கிறது. ஒரு சில்லு ஜன்னல் வழியே பறந்து, தெருவைக் கடந்து, சலூனில் ஒருவருடைய மீசையைப் பாதி மட்டும் எடுத்துவிட்டு, மேலே போன ஒரு பருந்தைத் தொந்தரவு செய்துவிட்டு, இன்னும் கீழே வரவில்லை. மீசைக்காரர் மீதியையும் அதே ஆளிடம்தான் எடுத்துக்கொள்வேன் என்று ஷெட் வாசலில் காத்திருக்கிறார்.

நன்றாகத்தான் இருந்தது. கிழித்துவிட்டேன். காரணம் பின்னால் தெரியும்.

உண்மையில் (உண்மை என்று நான் சொன்னால் எந்த அளவுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும்) அவர் குழாய்க் கடைக்குப் போனார். மச்சான் மருத்துவமனைக்குப் போயிருந்த நாளாகப் பார்த்துப் பிளாஸ்டிக்கைக் கழற்றினார். அதே இடத்தில் இரும்பைப் போட்டார். காற்றோடு வரும் ஈரம் தண்ணீராகித் தேங்காமல் வடிய லேசான சரிவு, அடியில் ஒரு வடிகால் திருகு, கம்ப்ரஸரின் அதிர்வு குழாய்க்கு ஏறாமல் இடையில் கொஞ்சம் ரப்பர் ஹோஸ், எல்லாம் முறைப்படி. பிறகு உட்கார்ந்து அத்தனையையும் வெள்ளையடித்தார். பிளாஸ்டிக்கில் அச்சடித்திருந்த எழுத்துகளைக்கூட மெல்லிய தூரிகையால் அப்படியே எழுதினார். இரும்பின் மூலை இணைப்புகள் தடித்துத் தெரிந்தன. அவற்றுக்கு ஒட்டுப்பலகையில் குட்டிக் குட்டிப் பெட்டி செய்து மூடினார்.

"இது எதுக்கு மாப்ளே, மூலைக்கு மூலை பெட்டி?"

"தூசி படியாம இருக்க, மச்சான்."

"காத்து பைப்புக்குத் தூசியா? நாற்காலி செஞ்சு செஞ்சு உங்களுக்குப் பலகைப் பைத்தியம் பிடிச்சிருக்கு."

இந்த இடத்தில் வாசகர் என்னை மடக்கலாம். ஆயுசு முழுக்கக் குழாய் போட்டவருக்கு இரும்பும் பிளாஸ்டிக்கும் தெரியாதா? நானும் மச்சானை இதே கேள்வியோடு பல நாள் சந்தேகப்பட்டேன். பிறகு என் பழைய கதை ஒன்றை எடுத்துப் படித்தேன். அச்சகத்தில் ஒரு பத்தியையே விட்டிருந்தார்கள். இத்தனை வருஷமாக எனக்குத் தெரியவில்லை. தன் கைவேலையை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை, ரசிக்கத்தான் செய்கிறார்கள்.

தவிர, மச்சான் வாசலில் நின்றுதான் பார்ப்பார். கிட்டே வந்தால் வலது கையால்தான் தடவுவார். பழக்கம். இரும்பின் குளிர்ச்சி அந்தக் கைக்குத் தெரியாது.

தட்டிப் பார்த்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடுமே? அதற்கு மனைவி இருந்தாள். தெருமுனையில் அண்ணன் தலை தெரிந்ததும், "வராரு, ரேடியோவ வைங்க" என்பாள். அந்த வீட்டில் அவ்வளவு பாட்டு அதற்கு முன் கேட்டதில்லை.

5

மச்சான் தேறிவிட்டார். இதை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதனால்தான் பின்னால் நடந்ததை நான் கவனிக்கவில்லை. மாப்பிள்ளையும் கவனிக்கவில்லை. மச்சான் நிமிர்ந்து நடந்தார், பழைய நண்பர்களை ஷெட்டுக்குக் கூட்டிவந்து காட்டினார். "இந்தக் கையோட போட்டது. தினம் காத்து ஓடுது. ஒரு முணுமுணுப்பு உண்டா?"

இருக்காதே. இரும்பாயிற்றே.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் காப்பிக்கு வந்தார். உட்காரும்போதே முகத்தில் ஒரு வெளிச்சம்.

"டயர் கடைக்காரர் இல்ல, ரோட்டு முனையில? கடை பூரா காத்து லைன் போடணும்னாரு. இரும்புதான் போடணும்னு அவருக்கு யாரோ சொல்லியிருக்காங்க. எதுக்குங்க, என் மாப்பிள்ளை பட்டறையில வந்து பாருங்கன்னேன். அன்னைக்கு வந்து பாத்துட்டுப் போனாரே, அதுக்குத்தான்."

மாப்பிள்ளையின் டம்ளர் பாதி வழியில் நின்றது.

"போடப் போறீங்களா, மச்சான்?"

"போட்டாச்சு! நேத்து முடிச்சேன். பசை காஞ்சதும் இன்னைக்கு சாயங்காலம் காத்து விடறாங்க. என்னையும் வரச் சொல்லியிருக்காரு."

6

இதற்குப் பிறகு சில வரைவுகள் இருக்கின்றன.

ஒன்றில் மாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை. நாளைக்கு டயர் கடைக்காரரைத் தனியாகப் பார்த்துப் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார். அன்று மாலை ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் ஆகவில்லை. ஆகாத ஒவ்வொரு நாளும் சொல்வது கஷ்டமாகிறது. பிறகு ஒரு வெயில் நாளில் டயர் கடைக்காரர் சக்கரத்தின் மேல் குனிந்திருக்கிறார், தலைக்கு மேலே சுவரில்

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. சலூனும் மீசையும் பருந்தும் தானாக வந்தன. இங்கே ஒன்றும் வரவில்லை. ஒரு மனிதர் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொள்கிறார், அவ்வளவுதான். அந்தப் பழைய பக்கத்தை அன்றைக்குத்தான் கிழித்தேன்.

இன்னொரு வரைவில் டயர் கடைக்காரர் தானாகவே மனம் மாறுகிறார். மற்றொன்றில் மின்சாரம் போய்விடுகிறது. கதைக்காரன் கோழையானால் மின்சாரம் போகும். இரண்டையும் எடுத்துவிட்டேன். மாப்பிள்ளை பேசித்தான் ஆக வேண்டும். அவரை உட்கார வைத்துவிட்டு நானும் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

7

"மச்சான், ஷெட்டுல இருக்கறது உங்க பைப் இல்ல."

"என்னது?"

"இரும்பு. நீங்க போட்டத நான் கழட்டிட்டேன். பிளாஸ்டிக்ல காத்து விட்டா வெடிக்கும். ஆளுக்கே ஆபத்து."

அடுப்படி வாசலில் மனைவி வந்து நின்றாள். அன்று ரேடியோ போடவில்லை.

மச்சான் திட்டுவார் என்று எழுதி வைத்திருந்தேன். மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார் என்றும் எழுதி வைத்திருந்தேன். அவர் இரண்டையும் செய்யவில்லை. போனை எடுத்தார்.

"அண்ணே, காத்து விட்டுட்டீங்களா? ... விடாதீங்க. சுவிட்சு பக்கமே போகாதீங்க. ... இல்ல, பசை இன்னும்" என்று தொடங்கியவர் நிறுத்தினார். "பசையெல்லாம் காஞ்சிடுச்சுண்ணே. பைப்பே தப்பு. என் தப்புதான். நாளைக்கு வந்து கழட்டிட்டு இரும்புல போட்டுத் தரேன்."

போனை வைத்தார். ஒரு மூச்சுதான் ஆயிற்று. நொறுங்கிவிடுவார் என்று வீடே பயந்துகொண்டிருந்த மனிதர் அவர்.

எழுந்து ஷெட்டுக்குப் போனார். மாப்பிள்ளை பின்னாலேயே போனார். மச்சான் சுவரோரம் நின்று, முதல் தடவையாக இடது கையை அந்தக் குழாயின் மேல் வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

"சரிவு சரியாத்தான் குடுத்திருக்கீங்க" என்றார். "எப்ப மாத்தினீங்க?"

"நீங்க போட்ட மறு வாரம்."

"அப்ப நான் ஆளுங்களக் கூட்டிட்டு வந்து காட்டினதெல்லாம்..."

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். தரையில் மரச்சீவல்தான் இருந்தது.

"எனக்குக் கைதான் மரத்துப் போச்சு, மாப்ளே" என்றார் மச்சான். "காது நல்லாத்தானே கேக்குது?"

இந்தக் கேள்விக்கு மாப்பிள்ளை ஏதோ ஒன்று சொல்ல வேண்டும். மச்சான் இன்னும் ஷெட்டில்தான் நிற்கிறார், பதிலைக் கேட்டுவிட்டுத்தான் நகர்வார். எனக்கு அந்த வரி அகப்படவில்லை. கீழே இடம் விட்டிருக்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். "உங்க நல்லதுக்குத்தான் மச்சான்" என்று மட்டும் ஆரம்பிக்க வேண்டாம். அதை நான் எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அவர் முழு வாக்கியத்தையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போய்விடுகிறார்.

"..........................................."