பூஜை நேரத்தில் மெயின் சுவிட்ச்

வேடசந்தூர் ரோட்டிலிருந்த அந்த நூல் மில்லில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள இருந்தவள் பிரிஸ்கில்லா ஒருத்திதான். பன்னிரண்டும் விண்டோஸ் 98. நெட்வொர்க்கில் கோத்த நாளிலிருந்து தினம் ஒன்று படுத்துக்கொள்ளும். இரண்டாயிரமாம் வருஷம் எல்லாவற்றையும் மாற்றுவதென்று முடிவானபோது, வீட்டு உபயோகத்துக்கென்று புதிதாக வந்திருக்கும் விண்டோஸைப் போடலாம் என்றார் முதலாளியின் மருமகன். பாட்டுக் கேட்கலாமாம், படம் பார்க்கலாமாம். நூல் மில்லுக்கு எதற்குப் பாட்டும் படமும்? ஆபீசுக்கென்றே செய்த விண்டோஸ் 2000தான் வேண்டும், அது லேசில் விழாது என்று இவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

"சரி, ரெண்டு மிஷின்ல போட்டுக் காட்டு," என்றார் மேனேஜர் காமராஜ். "அது மக்கர் பண்ணுச்சுன்னா மருமகன் சொன்னதுதான். நீ பழையபடி டைப்பிங் செக்சனுக்கே போயிரு."

ஆயுத பூஜையன்று காலையில் அந்த இரண்டிலும் நூல் அனுப்பும் பட்டியல் தானாக ஏறிக்கொண்டிருந்தது. பிரிஸ்கில்லா பொரி வாங்க வெளியே போன நேரத்தில் மில் மொத்தமும் கம்மென்று அடங்கியது. பூஜை நேரத்தில் அங்கே ஒரு சக்கரம்கூடச் சுற்றக் கூடாது. எலக்ட்ரீஷியன் சடையாண்டி மெயினை இறக்கிவிட்டார்.

பதறி ஓடிவந்தாள். "அண்ணே, யுபிஎஸ் பேட்டரில கம்ப்யூட்டர் ஓடுதுல்ல?"

"அந்தக் கத்துற பெட்டிதானே தாயி? சாமி கும்பிடுறப்ப கீச்சுக்கீச்சுன்னுச்சு. அதையும் அமத்திட்டேன்."

வேலை பாதியில் இருக்கும்போது உயிரைப் பிடுங்கியாயிற்று. இந்த மனுஷனை என்ன சொல்லித் திட்டுவது? தீபாராதனை முடிந்து கரண்ட் வந்ததும் மேனேஜரும் மருமகனும் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

பழைய பத்தும் டிஸ்க்கைச் சோதிக்கிறேன் என்று நீலத் திரையோடு உட்கார்ந்துகொண்டன. புதிய இரண்டும் சந்தனப் பொட்டோடு நேராக எழுந்து பாஸ்வேர்டு கேட்டன. அடித்துத் திறந்தாள். ஏறியவரைக்கும் பட்டியல் அப்படியே இருந்தது. கடைசி நாலு வரிதான் பாக்கி.

"மிச்சம் பத்துக்கும் இதையே போட்ரும்மா," என்றார் காமராஜ். மருமகன் பொரியை மென்றார்.

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள் பிரிஸ்கில்லா. ஒரு மாசம் ஓட்டிக் காட்டினாலும் நம்பியிருக்க மாட்டார்கள். சடையாண்டி எட்டிப் பார்த்தார்.

"எதுவும் கெட்டுப்போச்சா தாயி?"

திட்டுவதற்கு வைத்திருந்த வார்த்தையெல்லாம் எங்கோ போய்விட்டது. "ரெம்ப நன்றிண்ணே," என்றாள், கண்ணைத் துடைத்தபடி. எதற்கென்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.