ஐந்தாவது முகம்

அன்று எங்கள் கூடத்தில் இருந்தவர்கள் ஏழு பேர். நான், என் தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய மகள், அவளுடைய மேலாளர், படம் பிடிக்க வந்தவர், ஜப்பானிய உணவகத்திலிருந்து தட்டுகளோடு வந்த சமையல்காரர். வேறு யாரும் இல்லை. தானும் அங்கே இருந்ததாக யாராவது உங்களிடம் சொன்னால் நம்பவேண்டாம்.

தம்பி மகள் கைப்பேசிச் செயலிகளுக்குத் திரைகளை வடிவமைப்பவள். ஜப்பானிய உணவைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்களுக்கு வழிகாட்டும் செயலி ஒன்று அவள் பொறுப்பில் இருந்தது. தட்டைப் படம் எடுத்தால் போதும். அதில் எது என்ன, எப்படிச் சாப்பிடுவது என்று சொல்லிவிடும். வெளியிடுவதற்கு முன் ஒன்றும் தெரியாதவர்களிடம் கொடுத்துச் சோதிக்க வேண்டுமாம். ஒன்றும் தெரியாதவர்கள் என்றதும் அவளுக்கு எங்கள் வீடு நினைவுக்கு வந்திருக்கிறது. அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன்.

மேலாளர் ஒரு படிவத்தை நீட்டினார். "ஆளுக்கு ஒரு கையெழுத்து வேணும் சார்."

"இந்த வீட்டுல கையெழுத்துன்னா என் கையெழுத்துதான்" என்றேன். பள்ளிக்கூடச் சேர்க்கையிலிருந்து தண்ணீர் இணைப்பு வரை எங்கள் வீட்டில் அப்படித்தான். 'குடும்பத்தின் சார்பில்' என்று எழுதி, பெரியவர்கள் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே கையெழுத்தாகப் போட்டேன். படித்துப் பார்க்கவில்லை.

தம்பிதான் முதலில் உட்கார்ந்தான். தட்டில் சமைக்காத மீன் துண்டுகளும் ஓரத்தில் பச்சை நிறத்தில் ஒரு சிறு உருண்டையும் இருந்தன. படம் எடுத்தான். 'வசாபி: மீனுடன் சேர்த்துச் சாப்பிடவும்' என்றது திரை. எவ்வளவு என்று சொல்லவில்லை. சமையல்காரர் வெந்நீர் கேட்டு உள்ளே போயிருந்தார். பிஸ்தாவில் செய்த இனிப்பு என்று நினைத்து, தம்பி முழு உருண்டையையும் மீனில் வைத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"அண்ணா!" என்றான். அதற்குமேல் பேச்சு வரவில்லை. கண், மூக்கு, வாய் எல்லாவற்றிலிருந்தும் நீர் கொட்டியது.

சமையல்காரர் ஓடிவந்தார். "ஐயையோ, அது காரக் கிழங்கு அரைச்சதுங்க, ஒரு அரிசி அளவுதாங்க எடுக்கணும்! முழுசாவா போட்டீங்க?"

"அவருக்கு எதுலதான் கொஞ்சமா எடுத்துப் பழக்கம்?" என்றாள் தம்பி மனைவி.

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்; மறைக்கவில்லை. வீட்டுக்குள் சிரிப்பது எங்கள் உரிமை. தம்பி மகள் மட்டும் சிரிக்காமல், 'அளவு குறிப்பிடவில்லை. என் தவறு' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். படம் பிடிப்பவர் கேமராவைக் கீழே இறக்கவே இல்லை.

மூன்று வாரம் கழித்துச் செயலியை முன்னோட்டமாக எங்கள் ஊரிலேயே ஐந்நூறு பேருக்கு அனுப்பினார்கள். ஒவ்வொரு உணவும் புதியவர்களுக்கு எவ்வளவு கடினம் என்று காட்ட அவள் ஐந்து புள்ளிகள் வரைந்திருந்தாள். அவளுக்குத் தெரியாமல் மேலாளர் அதை ஐந்து முகங்களாக மாற்றிவிட்டார். முதல் நான்கும் பொம்மை முகங்கள். ஐந்தாவது என் தம்பி. சிவந்த கண், ஒழுகும் மூக்கு, வெளியே தொங்கும் நாக்கு. நொதித்த சோயாவைத் தொட்டாலும் அவன் முகம். கடல் முள்ளெலியைத் தொட்டாலும் அவன் முகம்.

தம்பி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். பார்வை சோதிக்க வந்த ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "கடைசி வரி தெரியல சார். ஆனா உங்க மூஞ்சி நல்லாவே தெரியுது" என்று கைப்பேசியைத் தூக்கிக் காட்டியிருக்கிறான். பக்கத்துக் கடைக்காரன், "என்ன அஞ்சாம் நம்பர், மூக்கு நின்னுதா?" என்றானாம். மறுநாளிலிருந்து நான்கு நாள் கடை திறக்கவில்லை. காய்ச்சலில்கூடக் கதவைத் திறந்து உட்கார்ந்திருந்தவன், சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தான். திங்கட்கிழமை செயலி எல்லோருக்கும் வெளியாகப் போகிறது. அதன்பின் அவன் எந்தத் தெருவில் நடப்பான்?

வெள்ளிக்கிழமை காலை தம்பி மகளோடு அவள் அலுவலகத்துக்குப் போனேன்.

"பெரியப்பா, அங்க வந்து கத்தாதீங்க. நான் அங்க வேலை பாக்கணும்."

"நான் எப்போ கத்தியிருக்கேன்?"

அவள் மின்தூக்கியின் பொத்தானை இரண்டு முறை அழுத்தினாள்.

கண்ணாடி அறை. சுவர் நெடுகிலும் செயலியின் திரைகளை அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். பதினொரு தாள்கள், பதினொரு இடத்தில் என் தம்பி அழுதுகொண்டிருந்தான்.

"சோதிச்சுப் பாத்தவங்களுக்கு ரொம்பப் பிடிச்சதே அந்த முகம்தான் சார்" என்றார் மேலாளர். "எவ்வளவு உண்மையா இருக்கு பாருங்க!"

"உங்க அப்பா முகமும் உண்மையானதுதானே? அதைப் போடுங்க."

அவர் முகம் சுருங்கியது. இழுப்பறையிலிருந்து படிவத்தை எடுத்து என் முன் வைத்தார். "படத்தை எங்க வேணும்னாலும் பயன்படுத்தலாம்னு நீங்களே சம்மதிச்சிருக்கீங்க."

என் கையெழுத்து. கீழே கோடு இழுத்து, இரண்டு புள்ளியும் வைத்திருந்தேன்.

தம்பி மகள் அதை வாங்கி முழுதும் படித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "பெரியப்பா, இதுல அப்பா கையெழுத்து இல்ல. அவருக்காகப் போட உரிமை இல்லைன்னு எழுதிக் கொடுத்தா, இவங்க படத்தை நீக்கித்தான் ஆகணும்."

"யாருக்கு உரிமை இல்ல?"

"உங்களுக்கு."

எனக்கு எரிந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. மேலாளர்மேல், கேமராக்காரர்மேல், எந்தத் தூர தேசத்திலோ விளைந்த அந்தப் பச்சைக் கிழங்கின்மேல். என் பேச்சுக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சு இருந்ததில்லை. அது செல்லாது என்று நானே, ஒரு வெளியாளின் மேசையில், எழுதித் தர வேண்டும். கையெழுத்து நின்றால் அந்த முகமும் நிற்கும். சுவரில் தம்பி பதினொரு இடத்தில் மூக்கொழுகிக்கொண்டிருந்தான்.

"தாள் குடுங்க" என்றேன்.

'என் தம்பிக்கு ஐம்பத்தெட்டு வயது. அவன் முகம் அவனுடையது. அவனுக்காகக் கையெழுத்திட எனக்கு அன்றும் உரிமை இல்லை, இன்றும் இல்லை.' கீழே கோடும் புள்ளியும் இல்லாமல் பெயரை மட்டும் எழுதினேன்.

மேலாளர் வெளியே போய் யாரிடமோ தொலைபேசியில் பேசிவிட்டு வந்தார். "சரி சார். அந்த ஐகானை மாத்திடறோம்."

"அதுக்குப் பேர் ஐகான் இல்ல. என் தம்பி."

தாள்களை அவர் கையாலேயே சுவரிலிருந்து கழற்றும்வரை நான் நாற்காலியைவிட்டு எழவில்லை. திங்கட்கிழமை செயலி ஐந்து புள்ளிகளோடு வெளியானது. வசாபியின் பக்கத்தில், அளவுக்காக, தம்பி மகள் ஒரு அரிசியை வரைந்திருக்கிறாள்.

எழுதிக் கொடுத்ததன் நகலை அந்த வெள்ளிக்கிழமை மதியமே தம்பியிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டு ஒருமுறை படித்தான். கண்ணாடியைத் துடைத்து மறுமுறை படித்தான்.

"இதைச் சொல்ல உங்களுக்கு ஒரு ஜப்பான் மீன் வேண்டியிருந்துதா, அண்ணா?" என்றான்.

மறுநாள் கடையைத் திறந்தான். அடுத்த வாரம் தொலைபேசி இணைப்புக்கு ஒரு படிவம் வந்தது. நான் பேனாவைத் தேடுவதற்குள் அவன் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தான். அசிங்கமான கையெழுத்து. நான் படிவத்தை மடித்து உறையில் போட்டேன்.

இதற்குப்பின் எங்கள் குடும்பம் பிரிந்துவிட்டது, தம்பி தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறான் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். பொய். எங்களுக்கு ஒரே சமையலறைதான், ஒரே மேசைதான். என் தம்பிக்கு முட்டை வேகவைக்கக்கூடத் தெரியாது.