பாலத்தைத் தகர்த்தது யார்?

உள்நாட்டுப் போரைப் பற்றி உருப்படியாக ஒரு புத்தகம் தேடிக் கடைகடையாக ஏறி அலுத்துப்போனேன். வாங்கிய இரண்டில் ஒன்றில் எல்லோரும் வீரர்கள். மற்றதில் ஒருவருக்கும் முகமே இல்லை. ஆற்றுப்பாலத்தைத் தகர்த்தது யார் என்பதில் மட்டும் இரண்டும் மழுப்பின. அது வெடித்தபோது என் அண்ணன் அதன்மேல் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தான்.

கடைசியில் தங்கை ஒரு பாட்காஸ்ட் அனுப்பினாள். "நல்லா இருக்குக்கா. ஆனா உன் மாமனார் காதுல விழாம கேளு."

சொல்லவா வேண்டும்? மாமனார் நம் பக்கத்துக்காகச் சண்டை போட்டவர். போர்ப் பேச்சு எழுந்தாலே போய் ஜன்னலைச் சாத்திவிடுவார்.

இயர்போனை மாட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்தேன். ஒன்றுமே கேட்கவில்லை. சனியனே என்று திட்டிக்கொண்டு சத்தத்தை முழுக்கக் கூட்டினேன். அப்போதுதான் கேட்டது, கூடத்திலிருந்து! மகள் பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கரோடு போன் தானாக இணைந்திருந்தது. அது இருப்பதோ மாமனாரின் நாற்காலிக்குப் பக்கத்தில்.

"பாலத்தைத் தகர்த்தது எதிரிப்படைதான்" என்று வீடே அதிர ஒருவர் முழங்கினார்.

ஈரக்கையோடு ஓடினேன். மாமனார் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"தெரியாம நடந்துடுச்சு மாமா. இதோ நிறுத்திடறேன்."

"அவன் சொல்றது பொய்," என்றார். கொக்கியை மாட்டிய பிறகும் அவர் திரும்பவில்லை.

"பாலத்துல உங்க அண்ணன் இருந்தது எங்களுக்குத் தெரியாதும்மா."