டைப்ரைட்டர் கீபோர்டு

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, சாப்பாட்டு மேசை மேல் இருந்த அந்தக் குட்டிக் கம்ப்யூட்டர் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதிக் காட்டிவிட்டு, இனி உன் பாடு என்று நின்றுவிட்டது. இளையவள் அதை எழுத்துக்கூட்டி மூன்று தடவை படித்தாள். கார்மெண்ட்ஸ் கம்பெனியில் நூற்றிருபது தையல் மிஷின்களுக்கு மெக்கானிக் அவள். அந்த நூற்றிருபதில் ஒன்றாவது தனக்கு என்ன கோளாறு என்று வாயைத் திறந்து சொன்னதுண்டா? இது சொல்கிறதே! அந்த ஒன்றுக்காகவே அவளுக்கு இதைப் பிடித்துப்போய்விட்டது.

“அக்கா, இதுக்கு முப்பத்திரண்டு பிட்டுதான் தாங்குமாம். நான் அறுபத்துநாலை எறக்கி வச்சிருக்கேன். பெரிய ஆளு சட்டையைக் கைக்குழந்தைக்கு மாட்டப் பாத்திருக்கேன், பாரேன்” என்று சிரித்தாள்.

எதிர் நாற்காலியில் அக்கா, கழுத்தில் மெல்லிய துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலையை மட்டும் ஆட்டினாள். முன்பு என்றால் இந்த ஒரு சங்கதிக்கே கால் மணி நேரம் பேசியிருப்பாள். உனக்கு எதையும் முழுசாகப் படிக்கிற பழக்கமே கிடையாது என்று ஆரம்பித்து, மூன்றாம் வகுப்பில் பரீட்சைத் தாளின் பின்பக்கத்தைத் திருப்பாமலே வந்தவள்தானே நீ என்று முடித்திருப்பாள். கோர்ட்டில் இருபத்திரண்டு வருஷமாக டைப்பிஸ்ட். பகலெல்லாம் மற்றவர்கள் சொன்னதை அடித்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தன் பங்கைப் பேசித் தீர்ப்பாள். வக்கீல் மாதிரி, சாட்சி மாதிரி, தூங்கி வழியும் கிளார்க் மாதிரி எல்லாம் நடித்துக் காட்டுவாள். ஆபீஸில் அவளுக்கு ரேடியோ என்றுதான் பெயர். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டு, தங்கை குடும்பத்தோடு ஒன்றாக இருப்பவள். அந்த வீட்டில் பேச்சு அக்காவுடையது, வேலை இளையவளுடையது. அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஐந்து வாரத்துக்கு முன்னால் தொண்டையில் இருந்த கட்டியை எடுத்தார்கள். கட்டியில் பயப்பட ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்த அன்று எல்லாரும் அழுது சிரித்தார்கள். ஆனால் குரல் மட்டும் வரவில்லை. நரம்பு வீங்கியிருக்கலாம், ஆறு வாரம் போகட்டும் என்றார் டாக்டர். வருகிற வியாழக்கிழமை அந்த ஆறு வாரம் முடிகிறது. எழுதிப் பேசட்டும் என்று இளையவள் ஒரு வெள்ளைப் பலகையும் பேனாவும் வாங்கிக் கொடுத்தாள். முதலில் அக்கா அதில் பக்கம் பக்கமாக எழுதி அழித்துக்கொண்டுதான் இருந்தாள். கடைசி பத்து நாளாக அதில் மூன்றே வார்த்தைதான் வருகிறது. சரி. வேண்டாம். தூக்கம். குரல் போனது கூடப் பெரிதில்லை, உள்ளே இருந்த ஆள் எங்கே போனாள் என்பதுதான் இளையவளின் கவலை.

கையால் எழுதுவது அக்காவுக்கு மெதுவாக இருக்கிறது, போனில் ஒற்றை விரலால் குத்துவது எரிச்சலாக இருக்கிறது, டைப் அடிக்கக் கொடுத்தால் பேசுவாள் என்று இளையவள் தானாகவே ஒரு கணக்குப் போட்டாள். கம்பெனி ஸ்டோரில் தூசி தின்றுகொண்டிருந்த இந்தக் கையகல லேப்டாப்பை ஸ்டோர்கீப்பரிடம் கேட்டு வாங்கி வந்தாள். அதில் இருந்த விண்டோஸ், பட்டனை அமுக்கிவிட்டுக் குளித்துவிட்டு வந்தாலும் எழுந்திருக்காது. “விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுப் பாருங்க, பறக்கும்” என்று பென்டிரைவில் ஏற்றும் விதத்தையும் அவரே சொல்லிக்கொடுத்தார்.

சரியான அளவுச் சட்டையை இறக்கி மாட்டியதும் சாதனம் முக்கி முனகிப் புது லினக்ஸை ஏற்றுக்கொண்டது. ஆனால் வைஃபை வரவில்லை. இளையவள் மோடத்திலிருந்து கேபிளை இழுத்துவந்து செருகினாள். கேபிள் நீளம் போதாததால் மூன்று பேரும் மேசையோடு நடைவழிக்குக் குடிபெயர்ந்தார்கள். மூன்றாவது ஆள் அவளுடைய வீட்டுக்காரர், லாரி டிரைவர், வாரத்தில் ஒருநாள்தான் வீட்டில் இருப்பவர். மேசையின் ஒரு முனையைத் தூக்கிக்கொடுத்துவிட்டு, “உங்க வீட்டு மிஷினுக்கு உக்கார எடம் கெடைச்சிருச்சு, எனக்குத்தான் கெடைக்கல” என்று போய்ப் படுத்துக்கொண்டார்.

இளையவள் தொழிலில் ஒரு கண்டிப்பு வைத்திருந்தாள். ஒரு நேரத்தில் ஒரு திருகாணி. இரண்டைச் சேர்த்துத் தளர்த்தினால் எதனால் சரியானது, எதனால் கெட்டது என்று ஜென்மத்துக்கும் தெரியாது. அதனால் ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே செய்தாள். விரலால் தேய்க்கிற டச்பேடின் வேகம் கூட்டியது, சரி. வைஃபைக்கு வேண்டிய டிரைவர் புரோகிராம் போட்டது, சரி. ஒவ்வொரு சரிக்கும் அக்காவைப் பார்த்துக்கொண்டாள். பேசாத அக்காவுக்கும் சேர்த்து இவளே பேச வேண்டியிருந்ததில், ஐந்து வாரத்தில் இவளுக்குத்தான் வாய் நீண்டுபோயிருந்தது.

மதியம் தமிழ் வந்தது. ஆங்கில எழுத்தில் அம்மா என்று அடித்தால் திரையில் தமிழில் அம்மா! இளையவள் கைதட்டினாள். அக்கா கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி, விரல்களை வரிசையில் வைத்து, ஒரு வரி அடித்தாள். வாயில் நுழையாத எழுத்துக் குப்பை வந்தது. இன்னொரு வரி. அதுவும் குப்பை. பலகையை எடுத்து வேண்டாம் என்று எழுதிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். இளையவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அக்காவின் விரலுக்குத் தெரிந்தது பழைய தமிழ் டைப்ரைட்டரின் எழுத்து வரிசை. எந்த எழுத்து எங்கே என்று அவளைக் கேட்டால் மூளைக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும்.

தேடினாள். பட்டியலில் கீழே, இன்னும் கீழே, யாரும் எட்டிப்பார்க்காத மூலையில் அதுவும் இருந்தது: தமிழ், டைப்ரைட்டர். எந்தப் புண்ணியவானோ உட்கார்ந்து செய்து வைத்திருக்கிறான்! சந்தோஷத்தில் கை பரபரத்தது. அதை ஏற்றினாள். அக்கா எதையும் தேடி அலையக் கூடாது என்று, பவர் பட்டனைத் தட்டியதும் வெள்ளைத் தாள் மாதிரி எழுதுகிற பக்கம் தானாகத் திறக்கும்படி வைத்தாள். கூடவே, அப்டேட் இருக்கிறது என்று ஓரத்தில் ஒன்று கெஞ்சிக்கொண்டே இருந்ததே, அதற்கும் சரி சொல்லிவிட்டாள். நோட்டில் எதையும் எழுதவில்லை. எல்லாம் முடிந்து கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டாள்.

படம் வந்தது. போனது. திரை கறுத்தது. கறுத்தது கறுத்ததுதான்.

ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் பார்த்தாள். அணைத்தாள், போட்டாள். தெரிந்த பட்டன், தெரியாத பட்டன் எல்லாவற்றையும் அமுக்கினாள். தையல் மிஷினில் ஊசிக்கு மேலே ஒரு குட்டி பல்பு இருக்கும். அவர்கள் கம்பெனி மிஷின்களில் பல்பு எரியவில்லை என்றால் கரண்டே வரவில்லை என்று அர்த்தம். மேலே நோண்டிப் பிரயோஜனமில்லை. பத்தொன்பது வருஷமாக அப்படிப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இதுவும் செத்துவிட்டது என்பதில் சந்தேகமே வரவில்லை. அதுவும் எதனால் செத்தது? மூன்று திருகாணியை ஒன்றாகத் தளர்த்தியிருக்கிறாளே, எதை என்று சொல்வாள்!

“போச்சு. கைக்கு வந்தது வாய்க்கு வர்றதுக்குள்ள நானே கெடுத்துட்டேன்.” பலகை அக்காவின் மடியில் சும்மா கிடந்தது. அதைப் பார்த்ததும் இளையவள் வெடித்துவிட்டாள். “திட்டவாவது செய்யேன்க்கா! பத்து நாளா ஒத்தை வார்த்தை. கல்லு கிட்ட பேசுற மாதிரி இருக்கு எனக்கு. எதாச்சும் சொல்லித் தொலையேன்!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. பேச முடியாதவளைப் பார்த்துச் சொல்கிற பேச்சா அது? எழுந்து அடுப்படிக்குப் போய், கழுவியிருந்த டம்ளர்களையே மறுபடி கழுவினாள். கண்ணிலிருந்து நீர் அது பாட்டுக்கு வழிந்தது.

அப்போது நடைவழியிலிருந்து சத்தம் கேட்டது. டக் டக் என்று இல்லை; தகரக் கூரையில் மழை பிடித்த மாதிரி, நிற்காமல். எட்டிப் பார்த்தாள். அக்கா முதுகை நேராக வைத்துக்கொண்டு, கண்ணை எதிர்ச் சுவரில் வைத்து, அந்தச் செத்த கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருந்தாள்.

படுத்திருந்த வீட்டுக்காரர் எழுந்து வந்து, “திரையில ஒண்ணுமே இல்லையே, என்னத்த அடிக்கிறாங்க?” என்று காதோரம் கேட்டார்.

“விடுங்க. விரலாவது கொஞ்சம் ஆறிக்கட்டும்” என்றாள்.

ஆனால் விட முடியவில்லை. மெக்கானிக் புத்தி. காபி டம்ளரை வைக்கிற சாக்கில் பக்கத்தில் போனாள், கம்ப்யூட்டரின் அடிப்பக்கத்தில் விரலை வைத்தாள். சூடு. ஓடாத மோட்டாருக்குச் சூடு எங்கிருந்து வரும்? அழுகை நின்ற இடத்தில் ஆர்வம் வந்து உட்கார்ந்தது. குனிந்தாள், பக்கவாட்டில் பார்த்தாள், தலையைச் சாய்த்துப் பார்த்தாள். கறுப்புக்குள் ஏதோ இன்னும் கொஞ்சம் கறுப்பாக ஊர்ந்தது. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று பார்ப்பதுதானே தினப்படி வேலை. போனின் டார்ச்சைப் போட்டு, திரையை ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தாள்.

எழுத்து! திரைக்குப் பின்னால் இருக்கிற விளக்கு மட்டும்தான் எரியவில்லை. மற்றதெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. தமிழில், தப்பில்லாமல், முக்கால் பக்கம் நிறைந்திருந்தது. “அக்கா, சாகலக்கா இது!” என்று கத்த வாயெடுத்தவள், வட்டமாக விழுந்த வெளிச்சத்தில் இருந்ததைப் படித்துவிட்டு அப்படியே நின்றாள்.

“பத்து நாளைக்கு முந்திய மேற்படி வியாழக்கிழமை டாக்டர் என்னிடம் தனியாகக் கூறியது யாதெனில், நரம்பு அறுபட்டுவிட்டது, குரல் இனி வராது. அச்சமயம் என் தங்கை மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். திரும்பி வந்து, அடுத்த தடவை நல்ல சேதி சொல்வார் பாரு என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் மறுக்கவில்லை. பலகையில் வேறு எதை எழுத ஆரம்பித்தாலும் கடைசியில் இதைத்தான் எழுதிவிடுவேன் என்பதால் எழுதாமல் இருந்து வருகிறேன். அவள் அழுவாள். அவள் அழுதால் எனக்குத் திட்ட வேண்டும். திட்டக் குரல் இல்லை”

புள்ளி வைக்கப் போன விரல் அங்கே நின்றிருந்தது. அக்காவும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் பார்க்க முடியாது என்று நம்பி அடித்த ஒவ்வொரு வார்த்தையும் அதில் இருந்தது. அவள் முகம் வெளுத்து, பிறகு மெல்லச் சிவந்தது. இளையவள் அவளைப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை. டார்ச்சைப் பிடித்திருந்த கை வெடவெடவென்று ஆடியது, வெளிச்சம் வரிகளின் மேல் முன்னும் பின்னும் ஓடியது.

மூடியைச் சாத்திவிட்டு எழுந்து போய்விடுவாள் என்றுதான் இளையவள் நினைத்தாள். அக்கா தோளை ஒரு தடவை ஏற்றி இறக்கினாள். விரல்கள் இறங்கின. ஆடுகிற வட்டத்துக்குள் புது வரி வந்தது.

“லைட்ட ஆட்டாதடி. ரெண்டு கையாலயும் பிடி. இன்னும் இருக்கு.”

இளையவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, போனை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். வட்டம் நின்றது. அதற்குள் எழுத்துகள் வந்துகொண்டே இருந்தன.