முகம் பொருந்தவில்லை

பங்காருபாளையத்து மாங்காய் வியாபாரி வேங்கடாசலத்தை ஜெயபிரகாஷுக்குப் பத்து வருடமாகத் தெரியும். ஆனால் வங்கியின் சித்தூர் கிளையில் விதிகளைக் கட்டிக்காப்பது ஜெயபிரகாஷின் வேலை. தெரிந்தவர் என்பதெல்லாம் விதியில் கிடையாது. கணக்கைப் புதுப்பிக்க, ஆதார் படமும் ஆளும் ஒன்றென்று கேமரா சொல்ல வேண்டும். கேமரா சொல்லவில்லை. திருமலையில் மொட்டை போட்டுவிட்டு வரும் வழியில் எடுத்த படம் அது. இப்போது தலை நிறைய முடி.

"இன்னா சார், எம் மூஞ்சி உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியுது. சிஸ்டத்துக்குத் தெரியல. படத்துல இருக்கிற மாதிரி வாங்க."

கணக்கு முடங்கியது. வேங்கடாசலம் திருப்பதி பஸ் ஏறினார்.

அதே வாரம் கிளைக்கு ஆய்வுக் குழு வந்தது. ஒரு குறையும் எழுதாமல் போனால் முடி காணிக்கை தருவதாக ஜெயபிரகாஷ் வேண்டிக்கொண்டிருந்தார். அவர்கள் எழுதவில்லை. ஏழுமலையானிடம் பாக்கி வைக்கப் பயந்து ஞாயிறன்றே மலையேறிவிட்டார்.

திங்கள் காலை கவுண்டரின் இருபுறமும் சந்தனம் பூசிய இரண்டு மொட்டைகள். கேமரா வேங்கடாசலத்தை ஒரே நொடியில் ஏற்றுக்கொண்டது. அடுத்து, ஒப்புதல் தர அதிகாரியின் முகத்தைக் கேட்டது. ஜெயபிரகாஷ் காட்டினார். வேலையில் சேர்ந்த நாளில் பதிந்த முகத்தில் சுருள்முடி இருந்தது. மூன்று முறை பார்த்துவிட்டு, 'முகம் பொருந்தவில்லை' என்று திரை பூட்டிக்கொண்டது.

வேங்கடாசலம் எழுந்தார்.

"எனக்கு உங்களைத் தெரியுது சார். நீங்க மெதுவா முடி வளத்துக்கினு சொல்லியனுப்புங்க. அதுவரைக்கும் நான் வாராவாரம் செரச்சிக்கினு இருக்கறேன்."